திறக்க மாட்டோம்!

சிக்னலில் பச்சை விழுந்தது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன். இன்ஜின் கத்தியது, கார் நகரவில்லை. பிறகு முதுகில் யாரோ உதைத்த மாதிரி ஒரு குலுக்கல். அதற்கப்புறம் மூன்றாவது கியரைவிட்டு ஏறவும் மாட்டேன், இறங்கவும் மாட்டேன் என்று ஒரே அடம். ஒன்பது வயது ஆட்டோமேட்டிக் கார். பின்னால் நின்ற ஆட்டோக்காரர் என் பரம்பரையையே விசாரித்துவிட்டுப் போனார்.

சர்வீஸ் சென்டரில் ஏ.சி. அறை, காபி, டை கட்டிய இளைஞர். லேப்டாப்பைக் காரில் செருகி, பத்தே நிமிடத்தில் தீர்ப்பு சொல்லிவிட்டார்.

“கியர்பாக்ஸ் அசெம்ப்ளியே மாத்தணும் சார். லேபர், ஜி.எஸ்.டி. எல்லாம் சேர்த்து 3 லட்சத்து 10 ஆயிரம் வரும்.”

“உள்ளே என்ன போயிருக்கு தம்பி?”

“அதை நாங்க திறக்கறதில்ல சார்.”

“திறக்காமலே போயிடுச்சுன்னு எப்படித் தெரியும்?”

“கம்ப்யூட்டர் சொல்லுது சார்.”

அது என்ன சொல்லுதுன்னு ஒரு பிரின்ட் எடுத்துக் கொடுங்களேன் என்றேன். கஸ்டமருக்குக் கொடுப்பதில்லையாம்!

கார் என்னுடையது. பணம் என்னுடையது. வியாதியின் பெயர் மட்டும் அவர்களுடைய ரகசியம். வயிற்று வலி என்று போனவரிடம், ‘புது வயிறு வெச்சிடலாம், ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாம் காட்ட மாட்டோம்’ என்று ஒரு டாக்டர் சொன்னால் சும்மா விடுவோமா? வீட்டில் மிக்ஸி சுற்றவில்லை என்றால் முதலில் கப்ளரைத்தானே பார்க்கிறோம்? நேராகப் புது மிக்ஸி வாங்கவா ஓடுகிறோம்?

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஒன்றும் மந்திரப் பெட்டி இல்லை. இன்ஜினின் சுழற்சியை எண்ணெய் வழியாகக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர், பல்சக்கரங்கள், அவற்றைப் பிடித்து விடும் கிளட்ச் பிளேட்டுகள், எண்ணெயை எங்கே அனுப்புவது என்று முடிவு செய்யும் வால்வ் பாடி, அதில் மின்சாரத்தால் திறந்து மூடும் சின்னச் சின்ன சோலனாய்டுகள்... இவ்வளவுதான். ஒரு சோலனாய்டோ, வேகத்தை அளக்கும் சென்சாரோ, ஏன், ஒரு ஒயர் கனெக்ஷனோ மக்கர் செய்தால்கூட, மேற்கொண்டு சேதமாகாமல் இருக்க கம்ப்யூட்டர் காரை ஒரே கியரில் பூட்டிவிடும். லேப்டாப்பில் வரும் கோடு என்பது ‘இங்கே தேடு’ என்கிற துப்பு. அதை மரண தண்டனையாக மாற்றுவது மனிதர்கள்!

அசெம்ப்ளி மாற்றுவதில் அவர்களுக்கு வேலை சுலபம், பில் பெரிசு, பொறுப்பு குறைவு. இன்ஷூரன்ஸும் கை கொடுக்காது. தேய்மானமும் இயந்திரக் கோளாறும் வழக்கமான பாலிஸியில் சேராது. முழுத் தொகையும் நம் தலையில்தான்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு ஒரு நண்பர் சொன்னார்: “ரெண்டே முக்கால் லட்சம் போற வண்டிக்கு என்னத்துக்குப்பா செலவு பண்றே? தள்ளிவிட்டுடு!”

கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் இது தப்புக் கணக்கு. செலவை ஒப்பிட வேண்டியது காரின் விற்பனை விலையோடு அல்ல. இந்தக் காருக்குப் பதிலாக இன்னொன்றுக்கு ஆகும் செலவோடு. ஓடாத வண்டியை அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிட்டு, 3 லட்சத்துக்கு வேறொரு பழைய வண்டி வாங்கினால், அதன் கியர்பாக்ஸ் ஜாதகம் யாருக்குத் தெரியும்?

அம்பத்தூர் பக்கம் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் மட்டுமே பார்க்கும் ஒரு பாயிடம் போனேன். அவர் திறந்தார்! எண்ணெய் ஃபில்டர் காபி டிகாஷன் மாதிரி கறுத்து, கருகல் வாடை. இரண்டு சோலனாய்டு காலி. ஒரு செட் கிளட்ச் பிளேட் தேய்ந்திருந்தது. ரீபில்டு கிட், எண்ணெய், கூலி எல்லாம் சேர்த்து 82 ஆயிரம். ஆறு மாத உத்தரவாதம், லெட்டர்பேடில் கையெழுத்தோடு. மூன்று வருஷம் ஓடினாலே மாதம் 2,300 ரூபாய்க்கும் குறைவு. புது வண்டி இ.எம்.ஐ. இதைப்போல் எத்தனை மடங்கு என்று நீங்களே பாருங்கள்.

அப்படியானால் வெளி மெக்கானிக் எல்லாரும் உத்தமர்களா? இல்லை. தூசியில் வைத்துப் பிரிப்பவர், எந்த எண்ணெயையும் ஊற்றுபவர், புதுப்பேட்டையில் எடுத்த பழைய கியர்பாக்ஸை மாட்டிவிட்டு ‘ரீபில்டு’ என்று பில் போடுபவர் எல்லாரும் உண்டு. மூன்று வயதுக் காருக்கு, வாரன்டியோடு வரும் புது அசெம்ப்ளியே சரியான முடிவாக இருக்கலாம். இன்ஜினும் புகை கக்கி, பாடியும் துருப்பிடித்த வண்டிக்கு 80 ஆயிரம்கூட வேஸ்ட்தான். நான் கேட்பது, கணக்குப் போடும் உரிமையை. எண்களை மறைத்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லாதே என்கிறேன்.

இது என் ஒருவன் புலம்பல் இல்லை. ஸ்பேர் பார்ட்ஸையும் பரிசோதனைக் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்ததற்காக, 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் போட்டது. அவற்றை வெளிச்சந்தையில் கிடைக்கச் செய்யுங்கள், வெளியே ரிப்பேர் பார்த்தாலே வாரன்டி கிடையாது என்று பொத்தாம்பொதுவாக மிரட்டாதீர்கள் என்றும் சொன்னது. அப்புறம்? அப்பீல், கோர்ட் என்று நம் ஊர் வழக்கப்படி நீண்டது. 2022-ல் மத்திய நுகர்வோர் துறை, ரிப்பேர் உரிமைக்கு ஒரு கமிட்டி போட்டு, டிசம்பரில் ஒரு வெப்சைட்டும் திறந்தது. வெப்சைட் என்பது நோட்டீஸ் போர்டு. சட்டம் ஆகாது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012-லேயே மக்கள் ஓட்டுப் போட்டு கார் ரிப்பேர் உரிமையைச் சட்டமாக்கிக்கொண்டார்கள்.

நம் பங்குக்கும் ஒரு குட்டு. கியர்பாக்ஸ் எண்ணெய் ஆயுசுக்கும் மாற்ற வேண்டாம் என்று கம்பெனி சொன்னதும் நம்பிவிட்டோம். யாருடைய ஆயுசு என்று கேட்கவில்லை! பெரிய பெரிய கார்களுக்கு கியர்பாக்ஸ் செய்து தரும் ஜெர்மனியின் இசட்.எஃப். கம்பெனியே, 80 ஆயிரத்திலிருந்து 1 லட்சத்து 20 ஆயிரம் கிலோமீட்டருக்குள் எண்ணெயை மாற்றச் சொல்கிறது. சென்னை வெயிலும் டிராஃபிக்கும் அதற்கு முன்பே மாற்றச் சொல்லும். நானும் மாற்றவில்லை. அந்தப் பாவத்தின் சம்பளம்தான் அந்த டிகாஷன்.

எனவே, அடுத்த முறை யாராவது ‘அசெம்ப்ளி’ என்று ஆரம்பித்தால் நான்கு கேள்வி கேளுங்கள். கோடு நம்பர் என்ன? எந்த பார்ட் போயிருக்கிறது, அது தனியாகக் கிடைக்குமா? ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விலை போட்டு எஸ்டிமேட் தருவீர்களா? கழற்றிய பழைய பார்ட்டை என் கையில் கொடுப்பீர்களா?

பாய் கொடுத்த கறுத்த கிளட்ச் பிளேட் ஒன்று இப்போது என் மேஜையில் பேப்பர் வெயிட்டாக இருக்கிறது. அதன் கீழே அந்த 3 லட்சத்து 10 ஆயிரம் எஸ்டிமேட்.

கியர்பாக்ஸைத் திறக்க மாட்டோம் என்கிறார்களா? நல்லது. நாமும் பர்ஸைத் திறக்க மாட்டோம்!