இரும்புக்கை மாயாவியும் குமரப்பாவின் கணக்கு நோட்டும்

இரும்புக்கை மாயாவியை ஒரு ஆடிட்டர் தணிக்கை செய்தால் எப்படி இருக்கும்? சிரிக்க வேண்டாம் மக்களே :-) கொஞ்சம் பொறுமையாகப் படித்தால், போடிமெட்டு ஏறும் ஏலக்காய்த் தோட்டத்து ஜீப்பும், பொட்டிபுரம் மலையும்கூட அந்தத் தணிக்கைக்குள் வந்துவிடும்.

முதலில் ஆடிட்டர் யார் என்று பார்ப்போம். ஜே.சி.குமரப்பா. பி.காம் படிக்கிறவர்களுக்கே இந்தப் பெயர் அவ்வளவாகத் தெரியாது என்பதுதான் கொடுமை. 1892-ல் தஞ்சாவூரில் பிறந்தவர். லண்டனில் கணக்கியல் படித்து, பம்பாயில் ஆடிட்டராகத் தொழில் நடத்தியவர். பிறகு அமெரிக்கா போய் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதி படித்தார். வெள்ளைக்காரன் ஆட்சியின் வரவு செலவைப் புரட்டிப் பார்த்தால் இந்தியா ஏன் ஏழையானது என்பது புரியும் என்று ஆராய்ச்சி செய்தார். 1929-ல் காந்தியைச் சந்தித்தார். கோட்டு சூட்டு போனது, கதர் வந்தது. ஜபல்பூர் சிறையில் இருந்தபோது 'எகானமி ஆஃப் பெர்மனன்ஸ்' என்ற புத்தகத்தை எழுதினார். நிலைத்து நிற்கும் பொருளாதாரம் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு 1945-ல் காந்தி முன்னுரை எழுதினார். குமரப்பாவின் கடைசி வருடங்கள் மதுரைப் பக்கம் தே.கல்லுப்பட்டியில் கழிந்தன. 1960 ஜனவரி 30, அதாவது காந்தி இறந்த அதே தேதியில், காலமானார்.

அந்தப் புத்தகத்தில் அவர் பொருளாதாரத்தை ஐந்து வகையாகப் பிரிக்கிறார். டிமாண்ட், சப்ளை வரைபடம் எதுவும் கிடையாது. எல்லாம் காட்டிலிருந்தும் வீதியிலிருந்தும் எடுத்த உதாரணங்கள்.

முதலாவது ஒட்டுண்ணி. பிழைப்பதற்காக எதில் ஒட்டியிருக்கிறதோ அதையே அழிப்பது. நகைக்காகக் குழந்தையைக் கொல்கிறவன் இந்த ரகம். இரண்டாவது பறிப்பு. குரங்கு தோப்புக்குள் புகுந்து பழத்தைத் தின்கிறது. குழி தோண்டவில்லை, தண்ணீர் ஊற்றவில்லை, ஆனால் பலன் மட்டும் வேண்டும். மனிதர்களில் பிக்பாக்கெட். மூன்றாவது முயற்சி. தேனீ பூவிலிருந்து எடுக்கிறது, எடுக்கும்போதே மகரந்தம் சேர்த்து செடிக்கும் உதவுகிறது. நிலத்தில் உழைக்கும் விவசாயி இங்கே வருகிறார். நான்காவது கூட்டு. அதே தேனீ தனக்காக மட்டும் சேர்க்காமல் கூட்டுக்காகச் சேர்ப்பது. ஐந்தாவது சேவை. கூலி எதிர்பார்க்காமல் குஞ்சுக்கு ஊட்டும் தாய்ப்பறவை.

எவ்வளவு எடுத்தாய், எவ்வளவு திருப்பிக் கொடுத்தாய்... இந்த இரண்டு கேள்விதான் மொத்தப் புத்தகமும் என்று சொன்னால் தப்பில்லை. பக்கா ஆடிட்டர் புத்தி.

இப்போது மாயாவி.

சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 1972-ல் கொண்டுவந்த முதல் புத்தகமே 'இரும்புக்கை மாயாவி'தான். மூலம், பிரிட்டனில் 'வேலியன்ட்' வாரப் பத்திரிகையில் 1962-ல் தொடங்கிய தொடர். புரொபசர் பாரிங்கரின் உதவியாளர் லூயிஸ் கிராண்டெல். ஒரு கை போய் இரும்புக் கை மாட்டியவர். ஆய்வுக்கூடத்தில் நடந்த விபத்துக்குப் பிறகு, உடம்பில் கரண்ட் பாய்ந்தால் அந்த இரும்புக் கை தவிர மொத்த ஆளும் மறைந்துபோவார்.

பலருக்கு மறந்துபோன விஷயம் ஒன்று உண்டு. முதல் கதையில் மாயாவி ஹீரோவே கிடையாது. கண்ணுக்குத் தெரியாத உடம்பு கிடைத்ததும் ஆசாமி செய்தது கொள்ளையும் மிரட்டலும். அப்புறம்தான் திருந்தி, ரகசிய அமைப்பு ஒன்றின் ஏஜென்ட் ஆகிறார். அதே கை, அதே கரண்ட். குமரப்பாவின் நோட்டில் இரண்டாம் பக்கத்திலிருந்து ஐந்தாம் பக்கத்துக்குத் தாவிவிட்டார், அவ்வளவுதான்.

காமிக்ஸ் இதைக் "கெட்டவன் நல்லவன் ஆனான்" என்று சொல்லும். குமரப்பா அப்படிச் சொல்ல மாட்டார். ஆள் நல்லவனா கெட்டவனா என்பது அவர் கேள்வியே இல்லை. சக்தி எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் போகிறது என்பதே கேள்வி. இந்த வித்தியாசம் சின்னதாகத் தெரியும். ஆனால் பெரிய வித்தியாசம்.

அடுத்து ஸ்பைடர். லயன் காமிக்ஸ் வாசகர்களுக்கு அறிமுகமே தேவையில்லை. குற்ற உலகுக்கே ராஜா ஆக வேண்டும் என்று கிளம்பி, பின்னால் குற்றவாளிகளையே வேட்டையாடிய கில்லாடி. இங்கேயும் பறிப்பிலிருந்து ஒரே தாவலில் சேவை. நடுவில் இருக்கிற இரண்டு பக்கம், அதாவது உழைத்துச் சம்பாதிப்பதும் கூடி வாழ்வதும், சூப்பர் ஹீரோ கதைகளில் பெரும்பாலும் காலியாகவே கிடக்கிறது. விதைப்பதும் இல்லை, அறுப்பதும் இல்லை. வானத்திலிருந்து வருவார், காப்பாற்றுவார், போய்விடுவார்.

ஸ்பைடர் கதைகளில் பலவற்றை எழுதியவர் ஜெர்ரி சீகல். ஆமாம், ஜோ ஷஸ்டரோடு சேர்ந்து சூப்பர்மேனைப் படைத்த அதே சீகல்! அவரது சொந்தக் கதையைக் குமரப்பாவிடம் காட்டினால் உடனே பேனாவை எடுத்துவிடுவார். 1938-ல் இருவரும் சூப்பர்மேன் உரிமையை விற்றது 130 டாலருக்கு. பிறகு வருடக்கணக்கில் வழக்கு. 1975-ல்தான் ஆளுக்கு வருடம் 20,000 டாலர் தரவும், படைத்தவர்கள் என்று பெயர் போடவும் கம்பெனி ஒப்புக்கொண்டது. சூப்பர்மேன் முதலில் வந்த இதழின் ஒரே ஒரு பிரதி 2024-ல் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. செடி வைத்தவன் ஒருத்தன், பழம் தின்றவன் ஒருத்தன். உலகத்தையே காப்பாற்றியவரால் தன்னைப் படைத்தவர்களைக் காப்பாற்ற முடியவில்லை.

இதில் வேடிக்கை, ஆரம்பகால சூப்பர்மேன் குமரப்பா கட்சிக்காரர். 1938-ல் வந்த மூன்றாவது கதையில் ஒரு சுரங்க முதலாளி வருவார். தொழிலாளி உயிருக்குப் பாதுகாப்பே செய்யாதவர். சூப்பர்மேன் அவரை அடிக்கவில்லை. அவரையும் பார்ட்டிக்கு வந்த பணக்கார விருந்தாளிகளையும் சுரங்கத்துக்குள் இறக்கி, மாட்டிக்கொண்டால் எப்படி இருக்கும் என்று அனுபவிக்க வைக்கிறார். முதலாளி திருந்துகிறார். போகப் போக இந்த சூப்பர்மேன் காணாமல் போய், பேங்க் கொள்ளையைத் தடுக்கிற சூப்பர்மேன் மட்டும் மிஞ்சினார். இத்தாலிய எழுத்தாளர் உம்பெர்த்தோ எக்கோ 1962-லேயே இதைக் கவனித்து எழுதிவிட்டார். மலையை நகர்த்துகிற சக்தி இருந்தும், தனியார் சொத்துக்குக் காவல் இருப்பதையும் தர்மம் செய்வதையும் தாண்டி இவர் போவதில்லையே என்பது அவருடைய வாதம்.

குமரப்பாவின் இன்னொரு பிரிவையும் சொல்லிவிட வேண்டும். நிலக்கரி, பெட்ரோல், உலோகம் எல்லாம் தொட்டித் தண்ணீர் மாதிரி. எடுக்க எடுக்கத் தீரும். காட்டு மரம், பயிர் எல்லாம் ஆற்றுத் தண்ணீர் மாதிரி. அளவாக எடுத்தால் வந்துகொண்டே இருக்கும். தொட்டியை நம்பினால் சண்டை வரும், போர் வரும் என்றார். 1966-ல் அறிமுகமான பிளாக் பாந்தரின் வகாண்டா ஞாபகம் வருகிறதா? வைப்ரேனியம் என்ற உலோகம் இருக்கிற ஒரே காரணத்துக்காக எத்தனை வில்லன்கள் வரிசையில் நிற்கிறார்கள்! சுத்தமான தொட்டிப் பொருளாதாரம்.

சரி, இதெல்லாம் பொழுதுபோக்குக்குப் படிக்கிற கதை, இதில் போய்ப் பொருளாதாரமா என்று கேட்கலாம். கதை கதையாகவே இருந்தால் பிரச்னை இல்லை. கதையின் கேள்வியை ஊர்ப் பிரச்னைக்கும் தூக்கிக்கொண்டு போகும்போதுதான் வம்பு. போடியிலேயே இரண்டு உதாரணம் இருக்கிறது.

ஒன்று ஏலக்காய். ஏலப்பூ காயாக மாறத் தேனீ வேண்டும். குமரப்பா உதாரணம் காட்டிய அதே தேனீ, அந்த மலையில் நிஜமாகவே சம்பளமில்லாத வேலைக்காரன். பூச்சி மருந்தை அளவில்லாமல் அடித்தால் முதலில் சாவதும் அதுதான். விடிவதற்கு முன்னால் போடியிலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் ஜீப்பில் நெருக்கி உட்கார்ந்து கேரளத் தோட்டங்களுக்கு ஏறும் பெண்கள் இன்னொரு தேனீக் கூட்டம். 2018 வெள்ளத்தில் செடிகள் அழிந்து வரத்து குறைந்தது. 2019 ஆகஸ்டில் ஏலத்தில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. பேப்பரில் எல்லாம் விலைதான் ஹீரோ. அந்த 7,000-ல் கூலியாக இறங்கி வந்தது எவ்வளவு, மண்ணுக்கும் தேனீக்கும் திரும்பியது எவ்வளவு என்பது எந்த ஏலச் சீட்டிலும் இருக்காது. குமரப்பாவின் நோட்டில் முதல் வரியே அதுதான்.

இரண்டாவது பொட்டிபுரம். மலையைக் குடைந்து சுமார் 2 கிலோமீட்டர் சுரங்கம், உள்ளே 50,000 டன் இரும்பில் ஒரு கருவி, நியூட்ரினோ என்ற துகளைப் பிடிக்க. 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. பிறகு வழக்கு, பசுமைத் தீர்ப்பாயம், மறுபடி அனுமதி. 2022-ல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் திட்டம் வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

இந்தச் சண்டை பாதிக்கு மேல் காமிக்ஸ் பாணியில்தான் நடந்தது. ஒரு பக்கம், மலைக்குள் ரகசிய ஆய்வுக்கூடம், கதிர்வீச்சு, ஊரே அழியும் என்ற பீதி. புரொபசர் பாரிங்கர் லேப் வெடித்த மாதிரியே! இன்னொரு பக்கம், விஞ்ஞானிகள்தான் ஹீரோ, கேள்வி கேட்கிறவன் எல்லாம் பட்டிக்காட்டான் என்ற பேச்சு. இரண்டுமே தப்பு. நியூட்ரினோவால் யாருக்கும் ஆபத்தில்லை. இதைப் படிக்கிற நொடியில்கூட லட்சம் கோடிக்கணக்கில் உடம்பைத் துளைத்துக்கொண்டு போகின்றன. 1965-ல் கோலார் தங்கச் சுரங்கத்தில் நியூட்ரினோவைப் பதிவு செய்து உலக அறிவியலில் இந்தியா பெயர் வாங்கியதும் உண்மை. அதற்காகக் கேட்ட கேள்வியெல்லாம் முட்டாள்தனம் ஆகிவிடாது. கோலாரில் குழி ஏற்கெனவே இருந்தது. இங்கே புதிதாகப் பாறையை வெடிக்க வேண்டும். எடுத்த கல் எங்கே போகும்? கட்டுமானத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும்? ஆடு மாடு எங்கே மேயும்? பக்கத்தில் மதிகெட்டான் சோலை இருக்கிறதே, அந்தக் காட்டுக்கு என்ன ஆகும்? ஊர்ப் பிள்ளைக்குக் கிடைப்பது லேபில் படிப்பா, வாசலில் வாட்ச்மேன் வேலையா?

ஹீரோ, வில்லன் என்று பிரித்த மறு நிமிடம் இந்தக் கேள்விகள் எல்லாம் கட்டத்துக்கு வெளியே போய்விடுகின்றன. ஹீரோவிடம் கணக்குக் கேட்டால் நன்றிகெட்டவன். வில்லனிடம் கணக்கே கேட்க வேண்டாம், அடித்தால் போதும். அறிவியல் நல்ல விஷயம்தான். அந்த மலையிலிருந்து என்ன எடுக்கும், அந்த மலைக்கு என்ன கொடுக்கும் என்று இரண்டு பத்தியில் ஊர்க்காரர்கள் முன்னால் தமிழில் எழுதி வைத்திருந்தால், ஒருவேளை திட்டம் நின்றிருக்கும், ஒருவேளை நடந்திருக்கும். எதுவானாலும் கணக்குப் பார்த்து எடுத்த முடிவாக இருந்திருக்கும்.

மாயாவியைப் படிப்பதை விட வேண்டாம். பழைய முத்து காமிக்ஸ் கிடைத்தால் யாரும் விடவும் மாட்டார்கள் :-) அடுத்த முறை யாராவது மலை மேல் ஏறி நின்று "ஊரைக் காப்பாற்ற வந்திருக்கிறேன்" என்று சொன்னால், கை தட்டுவதற்கு முன்னால் பற்று எவ்வளவு, வரவு எவ்வளவு என்று மட்டும் கேட்டுவிடுங்கள். கணக்குக் கேட்டவுடனே ஆள் மாயமாகிவிட்டால்... கண்ணுக்குத் தெரிகிற கை எங்கே இருக்கிறது, யார் பாக்கெட்டில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.