மேலே பார்த்தீங்களா?

தீபாவளி போனஸ் வந்ததும் இந்த வருஷம் ஒரு முடிவு எடுத்தேன். புது போன் வேண்டாம், அம்மாவை ஒரு நல்ல ஹோட்டலில் ஒரு ராத்திரி தங்க வைக்க வேண்டும்.

அம்மா செங்கத்தில் வீட்டிலேயே மெஷின் போட்டு ஜாக்கெட் தைப்பவர். கல்யாண மண்டப ரூம் தவிர வெளியில் எங்கேயும் தங்கியதில்லை. தஞ்சாவூரில் ஸ்வத்மா என்று ஒரு ஹோட்டல் இருக்கிறது. பழைய பெரிய வீடு ஒன்றைப் புதுப்பித்துக் கட்டியது. உருவாக்கியவர் கிருத்திகா சுப்ரமணியன், கட்டடக் கலைஞர், பரதமும் ஆடுபவர். சாப்பாடு சைவம். சுவர், தூண், முற்றம் என எங்கே திரும்பினாலும் தஞ்சாவூர்க் கலைதான்.

அம்மா ரூமுக்குள் போனதும் முதலில் திரைச்சீலையின் தையலைத்தான் திருப்பிப் பார்த்தார். "ஓரம் மடிச்சது சுத்தமா இருக்கு" என்று சர்ட்டிஃபிகேட் கொடுத்தார். அடுத்து வாடகை கேட்டார். சொன்னேன். "அறுபது ஜாக்கெட்டுடி பாப்பா!" என்றவர் கொஞ்ச நேரம் கட்டிலில் உட்காரவே இல்லை.

மறுநாள் ஊருக்குள் கிளம்பினோம். தஞ்சாவூர் ஓவியர் ஒருவரின் வீட்டுத் திண்ணையில் வேலை நடந்துகொண்டிருந்தது. பலகையில் துணி ஒட்டி, மேலே மக்கு பூசி, படம் வரைந்து, மேடு கட்டி, கல் பதித்து, கடைசியில்தான் தங்கத் தகடும் வண்ணமும். புவிசார் குறியீடு வாங்கிய கலை. நான் போட்டோ எடுத்துக்கொண்டிருக்க, அம்மா கேட்டது ஒரே கேள்விதான்: "ஒரு படத்துக்குக் கூலி என்ன வருதுங்க?"

அவர் சிரித்தார். "கடையில போட்டிருக்கிற விலையைப் பார்த்துட்டுக் கேக்கறீங்கம்மா. நடுவுல நாலு கை மாறுது. நேரா வந்து வாங்குறவங்களாலதான் வண்டி ஓடுது."

அம்மா தலையாட்டினார். பீஸ் ரேட்டுக்குத் தைப்பவருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. இருந்ததிலேயே சின்னப் படமாக, ஒரு வெண்ணெய்க் கிருஷ்ணரை வாங்கிக்கொண்டோம்.

அடுத்து பெரிய கோயில். கருவறையைச் சுற்றியுள்ள உள்சுற்றில் ராஜராஜன் காலத்து ஓவியங்கள் இருக்கின்றன. மேலே நாயக்கர் காலத்தில் வேறு ஓவியம் தீட்டியதால் மறைந்துபோய், 1931-ல் எஸ்.கே.கோவிந்தசாமி என்ற பேராசிரியர் கண்டுபிடித்து உலகத்துக்குச் சொன்னவை. பாதுகாப்புக்காக அந்தச் சுற்றுக்குள் பொதுமக்களை விடுவதில்லை. புகைப்படங்களைத்தான் பார்த்தோம்.

படத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா திடீரென்று கேட்டார். "நம்ம பெருமாள் கோயில்லயும் மேல என்னமோ வரைஞ்சிருக்கும்ல?"

எனக்குச் சுருக்கென்றது. செங்கம் வேணுகோபால பார்த்தசாரதி கோயில் மண்டபத்தின் விதானத்தில் நாயக்கர் கால ராமாயண ஓவியங்கள் இருக்கின்றன. கலை வரலாறு படிப்பவர்கள் தேடி வருகிறார்கள். அம்மாவோ கல்யாணமாகி வந்த நாளிலிருந்து புரட்டாசி சனிக்கிழமை தவறாமல் அந்த மண்டபத்தைக் கடந்து போகிறார். இங்கே டிக்கெட் இல்லை, கதவும் இல்லை. கழுத்தைத் தூக்கினால் போதும். அவரும் தூக்கியதில்லை, நானும் தூக்கியதில்லை. ஆனால், ஓவியம் பார்க்க பஸ் ஏறி, விழுப்புரம் வழியாக தஞ்சாவூர் வரை போயிருக்கிறோம்!

ஊர் திரும்பிய அடுத்த சனிக்கிழமை காலையில் போனோம். பக்கத்து வீட்டுப் பெரியம்மாவும் கூட வந்தார். வரிசை வரிசையாகக் கதை ஓடுகிறது. சில இடங்களில் வண்ணம் மங்கி, சில இடங்களில் உதிர்ந்து போயிருக்கிறது. படங்களோடு விளக்கக் குறிப்பும் உண்டு, தெலுங்கில். பெரியம்மா வீட்டில் பேசுவது தெலுங்குதான். "படிம்மா" என்றால், "பேசத்தான் வரும், எழுத்து யாருக்குத் தெரியும்? பத்துத் தலை தெரியுது, வாலு தெரியுது. போதாதா?" என்று சொல்லிவிட்டு, வானர சேனையையும் ராவணனையும் கைகாட்டிக் கதை சொல்ல ஆரம்பித்தார். கும்பிட வந்த நாலைந்து பேர் நின்று மேலே பார்த்தார்கள்.

எங்கள் ஊரில் இதோடு முடியவில்லை. பழைய செங்கம் வட்டத்தில் கிடைத்த நடுகற்களுக்கென்றே 1972-ல் 'செங்கம் நடுகற்கள்' என்று தொல்லியல் துறை ஒரு நூல் போட்டது. அதில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து எடுத்தனூர் நடுகல், வீரனோடு சேர்த்து அவனுடைய நாய்க்கும் இடம் கொடுத்திருக்கிறது. நாயின் பெயர் கோவிவன். கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றதாம்!

இவ்வளவு இருந்தும், வருபவர்கள் ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு 35 கிலோமீட்டரில் இருக்கும் திருவண்ணாமலைக்குத் தங்கப் போய்விடுகிறார்கள். தங்கினால்தானே டிபன் கடைக்கும் ஆட்டோவுக்கும் நாலு காசு? ஊருக்குக் காசு வந்தால்தானே, உதிரும் வண்ணத்தைப் பற்றி ஊர் கவலைப்படும்? தஞ்சாவூர் ஹோட்டல் எனக்குக் காட்டியது அதைத்தான். கலையை ஒட்டி ஒரு ராத்திரி தங்க இடம் இருந்தால், ஆட்கள் கிளம்ப மனசில்லாமல் இருப்பார்கள். எங்களுக்கு முற்றமும் சிற்பமும் வேண்டாம். சுத்தமான நாலு ரூம், கதை சொல்ல ஒரு பெரியம்மா, போதும்.

நீங்கள் வருவதாக இருந்தால் மூன்று விஷயம். நடை சாத்தும் முன் காலையிலேயே வந்துவிடுங்கள். படம் எடுக்க முதலில் கோயிலில் கேளுங்கள், ஃபிளாஷ் கண்டிப்பாக வேண்டாம். மண்டபத்தில் ஐந்து நிமிடமாவது நில்லுங்கள், கண் பழகினால்தான் உருவங்கள் பிடிபடும்.

உங்கள் ஊர்க் கோயிலிலும் ஒருமுறை மேலே பாருங்கள். என்ன இருந்தது என்று எழுதி அனுப்புங்கள்.

அம்மா இப்போது தீபாராதனை முடிந்ததும் மண்டபத்தில் கொஞ்ச நேரம் நிற்கிறாராம். "கழுத்து வலிக்குதுடி" என்கிறார். இத்தனை வருஷம் மெஷினில் குனிந்தே இருந்த கழுத்து அது!