இடமா, வலமா?

வீட்டிலே ராட்டினம் சுற்றி நூல் நூற்கலாம். மரம் இழைத்து நாற்காலி செய்யலாம். ஆகாய விமானம் செய்ய முடியுமா என்று நேயர்கள் கேட்கலாம். பேஷாய் முடியும். 1903-ஆம் ஆண்டில் பறந்த ரைட் சகோதரர்களின் விமானமே சைக்கிள் கடையில் உருவானதுதான். அமெரிக்காவில் இன்றைக்கும் சொந்தக் கையால் விமானம் கட்டிப் பறப்போர் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். வேலையில் பெரும்பகுதியைக் கட்டுகிறவர்களே செய்திருக்க வேண்டும் என்பது அந்நாட்டு விதி.

இறக்கை கட்டுவதும் எஞ்சின் பொருத்துவதும் பெரிய காரியங்கள்தாம். ஆனால் விமானியின் கைக்கும் இறக்கைக்கும் உறவு ஏற்படுத்தும் வேலை இருக்கிறதே, அதுவே உயிர்நிலை.

விமானிக்கு முன்னால் ஒரு கழி. காலடியில் இரண்டு மிதிகள். கழியைப் பின்னால் இழுத்தால் வாலிலுள்ள கிடைப் பலகை மேல்நோக்கி மடங்கும். விமானத்தின் மூக்கு உயரும். வலது மிதியை அழுத்தினால் சுக்கான் வலப்புறம் திரும்பும். கழியை இடப்புறம் சாய்த்தால் இடது இறக்கையின் பின்னோரத்து மடல் மேலேறும்; வலது மடல் கீழிறங்கும். மேலேறிய மடல் இடது இறக்கையின் தூக்கும் சக்தியைக் குறைப்பதால் விமானம் இடப்புறமே சாயும்.

பல விமானங்களில் இந்த ஏவலைக் கொண்டு செல்பவை எஃகுக் கம்பி வடங்கள். ஒரு வகை வடத்தில் ஏழு புரிகள். புரிக்கு 19 இழைகள். ஆக 133 இழைகள். எட்டில் ஓர் அங்குலப் பருமனுள்ள அத்தகைய நாகம் பூசிய வடம் 2,000 ராத்தல் இழுவைக்கும் அறாது. வடத்தை முறுக்கேற்றும் திருகுக் குழலின் ஒரு முனையில் வலமரை, மறு முனையில் இடமரை. குழலுக்கு வெளியே மூன்று மரைகளுக்கு மேல் தெரியக் கூடாது. அதிர்ச்சியில் கழலாதபடி மெல்லிய கம்பியால் அதைப் பூட்டிவிட வேண்டும்.

இவ்வளவும் செய்தாகிவிட்டது; அபாயம் தீர்ந்ததா? இல்லை! வடத்தின் முனைகள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். விமானத்தின் வயிற்றுக்குள் மல்லாந்து படுத்துக்கொண்டு, கைவிளக்கு வெளிச்சத்தில் மாட்டும்போது இது அதுவாகி, அது இதுவாகிவிடலாம். தரையில் கழியை அசைத்தால் மடல்கள் அழகாகத்தான் அசையும். வானத்தில் காற்று இடது இறக்கையைத் தாழ்த்தும். விமானி வழக்கப்படி கழியை வலப்புறம் சாய்ப்பார். இறக்கை இன்னும் தாழும். பதறி மேலும் சாய்ப்பார், மேலும் தாழும். அவருடைய பழக்கமே அவருக்குப் பகையாகிவிடும்.

இது வீட்டில் கட்டுகிறவர்களுக்கு மட்டும் நேரும் பிழையன்று. 1947-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 23-ஆம் தேதி, இங்கிலாந்தின் உட்போர்டு விமானத் தளத்தில் ஆவ்ரோ டியூடர் என்னும் விமானம் கிளம்பியவுடனே சாய்ந்து விழுந்தது. அதில் மாண்டவர்களில் ஒருவர் ராய் சாட்விக். புகழ்பெற்ற லங்காஸ்டர் விமானத்தை வகுத்த மேதை. மடல்களின் வடங்கள் மாறி மாட்டப்பட்டிருந்தன. மேதையின் மூளையில் பிழையில்லை. வடம் பூட்டியதில் இருந்தது. 2018-ஆம் ஆண்டிலும் போர்ச்சுகலில், பழுது பார்த்துத் திரும்பிய ஜெட் விமானம் ஒன்று இதே பிழையால் தறிகெட்டுத் திரிந்தது. அதிலிருந்த ஆறு பேரும் பிழைத்துத் தரை சேர்ந்தது பெரும் பாக்கியம்.

பரிகாரமோ மிக எளிது. கழியை எந்தப் பக்கம் சாய்க்கிறோமோ, அந்தப் பக்கத்து மடல் மேலேற வேண்டும். "அசைகிறதா?" என்று கேட்பது போதாது, "எந்தப் பக்கம் அசைகிறது?" என்று கேட்க வேண்டும். உள் வேலையைத் தகட்டால் மூடுமுன் இன்னொருவரை அழைத்துக் காட்ட வேண்டும். பிறகு, பறக்கும் ஒவ்வொரு தடவையும் கிளம்புமுன் விமானி தாமே பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொருவர் எதற்கு? எழுதியவனுடைய கண்ணுக்கு அவனுடைய அச்சுப்பிழை தெரிவதில்லை. இருக்க வேண்டியதைத்தான் அவன் வாசிக்கிறான், இருப்பதையன்று. விமானம் கட்டியவன் கண்ணும் அப்படியே. பத்திரிகையில் பிழை நேர்ந்தால் அடுத்த வாரம் திருத்தம் போடலாம். ஆகாயத்தில் அடுத்த வாரம் கிடையாது.