சொல் எடுத்துக் கொடுப்போம்

ஜப்பானிய இல்லங்களில் கணிப்பொறி நுழையத் தொடங்கிய காலம். 1983-இல் யூஜி ஹோரி என்னும் இளைஞர் இயற்றிய 'போர்ட்டோபியா தொடர் கொலை வழக்கு' என்ற துப்பறியும் விளையாட்டை, பி.சி. 6001 என்ற பொறிக்காக எனிக்ஸ் நிறுவனம் வெளியிட்டது. கோபே நகரில், பூட்டிய அறைக்குள் கடன் நிறுவன முதலாளி ஒருவர் மாண்டு கிடக்கிறார். ஆடுபவரே துப்பறிவாளர், உதவிக்கு யாசு என்பவர்.

செய்ய விரும்புவதைச் சொற்களால் தட்டெழுத வேண்டும். எண்ணம் சரியாயினும், பொறி அறிந்த சொல் வாய்க்காவிடில் வழக்கு நகராது! 1985-இல் ஃபாமிகாம் என்ற விளையாட்டுப் பொறிக்கு வந்தபோது, கட்டளைச் சொற்கள் திரையிலேயே பட்டியலாகத் தரப்பட்டன, தேர்ந்தெடுத்தாற் போதும். ஆட்டமும் எளிதாயிற்று.

பயணச்சீட்டுச் சாளரத்தில் நாமும் இதையே செய்கிறோம். ஊர்ப்பெயர் சொல்லத் தடுமாறும் பயணிக்கு, "இதுவா, அதுவா?" என்று எடுத்துக் கொடுக்கிறோம், வரிசை நகர்கிறது. ஆனால், தமிழ்ச் சொல்லுக்குத் தடுமாறிய நம் மகளிடம், "தமிழில் சொன்னாலன்றிக் கேளோம்" என்று முகந்திருப்பிக்கொண்டோம். குழந்தை பேச்சையே நிறுத்திவிட்டாள். அயலாருக்குக் காட்டிய பொறுமையை வீட்டிலும் காட்டியிருக்கலாகாதா? அன்பர்களே, இனி நாமே இரண்டு சொற்களை எடுத்துக் கொடுப்போம். ஒன்றைக் குழந்தை பற்றிக்கொள்ளும்.