சாப்ட்வேரை வெட்டாதீர்கள், பிளக்-இன் கேளுங்கள்!

பிளக்-இன் என்ற சொல் வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்குப் புதியதல்ல. வின்ஆம்ப் பிளேயரில் பாட்டுக்கு ஏற்ப ஆடிய வண்ணக் கோலங்கள் பிளக்-இன்கள்தான். பிரௌசரில் விளம்பரங்களைத் தடுக்கும் சிறிய புரோகிராம்களும் அந்த வகையைச் சேர்ந்தவைதான். பிடித்தால் மாட்டுகிறோம், பிடிக்காவிட்டால் கழற்றுகிறோம். பிளேயருக்கோ பிரௌசருக்கோ ஒன்றும் ஆவதில்லை.

ஆனால் நம் ஊர்க் கல்லூரிக்கோ கடைக்கோ அலுவலகத்துக்கோ ஒரு சாப்ட்வேர் போடும்போது இதை மறந்து விடுகிறோம். "எங்களுக்கு ஏற்ற மாதிரி மாற்றிக் கொடுங்கள்" என்கிறோம். மாற்றித் தருபவரும் மூல புரோகிராமைத் திறந்து, அங்கங்கே வெட்டி ஒட்டிக் கொடுத்து விட்டுப் போய்விடுகிறார். இந்தப் பழக்கத்தை நாம் நிறுத்த வேண்டும் என்பது என் கருத்து. காரணத்தை, பெர்ல் மொழியில் எழுதப்பட்ட ஒரு நூலக சாப்ட்வேரை வைத்தே சொல்கிறேன்.

சிறிய ஊர் தந்த பரிசு

அந்த சாப்ட்வேரின் பெயர் கோஹா. நியூசிலாந்தில் ஹொரோவெனுவா என்ற சிறிய மாவட்டத்தின் நூலக அறக்கட்டளைக்கு 1999-ல் ஒரு சிக்கல் வந்தது. அவர்கள் பயன்படுத்தி வந்த பழைய நூலக சாப்ட்வேர் 2000-ம் ஆண்டுத் தேதிகளைத் தாங்காது. விலை கொடுத்துப் புதியது வாங்குவதற்குப் பதிலாக, கட்டிபோ என்ற நிறுவனத்தை வைத்து பெர்ல் மொழியில் புதிதாக எழுதச் சொன்னார்கள். 2000 ஜனவரியில் அது வேலைக்கு வந்தது. பிறகு ஜிபிஎல் உரிமத்தில் உலகத்துக்கே இலவசமாகக் கொடுத்து விட்டார்கள். மாவோரி மொழியில் கோஹா என்றால் பரிசு என்று பொருள்.

எங்கள் தர்மபுரி மாவட்டத்தின் மக்கள் தொகை 2011 கணக்கெடுப்பின்படி 15 லட்சத்துக்கும் மேல். அதில் ஒரு சிறு பங்கு மக்களே உள்ள ஓர் ஊர்ப்புறம் எழுத வைத்த சாப்ட்வேர், இன்று பல நாட்டு நூலகங்களில் ஓடுகிறது. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் பல கல்லூரி நூலகங்களில் புத்தகம் கொடுப்பதும் வாங்குவதும் கோஹாவில்தான் நடக்கிறது.

வெட்டினால் என்ன ஆகும்?

எங்கள் மாவட்டத்துக் கல்லூரி நூலகம் ஒன்றில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். கடைசி ஆண்டு மாணவர்களுக்கு "நோ டியூ" சான்றிதழ் அச்சடிக்க ஒரு பட்டன் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். புத்தகம் திரும்பி வந்ததும் துறை அலுவலகத்துக்கு ஒரு தகவல் போக வேண்டும் என்றும் கேட்டிருக்கிறார்கள். இரண்டுமே நியாயமான தேவைகள். செய்து கொடுத்தவர் கோஹாவின் சொந்த பைல்களுக்குள்ளேயே புகுந்து, நடுநடுவே தன் வரிகளைச் சேர்த்து விட்டார். வேலை நன்றாகவே நடந்தது.

சிக்கல் பிறகுதான் வந்தது. கோஹாவின் பெரிய வெர்சன் ஆண்டுக்கு இரண்டு முறை, மே மாதமும் நவம்பர் மாதமும் வருகிறது. இடையில் மாதந்தோறும் திருத்தங்கள் வருகின்றன. பாதுகாப்பு ஓட்டைகளை அடைப்பதும் இந்தத் திருத்தங்கள்தான். அப்கிரேட் செய்தால் பழைய பைல்களின் மேல் புதிய பைல்கள் வந்து உட்காரும். சேர்த்த வரிகள் எல்லாம் காணாமல் போகும். எழுதியவர் வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டார். எந்தெந்த பைலில் என்ன மாற்றினார் என்று ஒரு துண்டுச் சீட்டு கூட இல்லை. விளைவு, அந்த நூலகம் அப்கிரேட் செய்வதையே நிறுத்தி விட்டது.

ஒரு பட்டனுக்காக, மாணவர்களின் முகவரியும் போன் எண்ணும் உள்ள ஒரு சர்வரைப் பூட்டில்லாமல் வைத்திருக்கிறோம். இலவச சாப்ட்வேருக்கு நாம் கொடுக்கும் உண்மையான விலை இதுதான்.

பஸ் ஸ்டாண்ட் மைக்

வேறு வழி இருக்கிறதா? இருக்கிறது. அதற்கு ஆங்கிலத்தில் ஈவன்ட் டிரைவன் முறை என்று பெயர். நிகழ்ச்சி நடந்தால் அதைக் கேட்டு வேலை செய்யும் முறை என்று சொல்லலாம்.

தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் "சேலம் பஸ் புறப்படுகிறது" என்று மைக்கில் சொல்கிறார்கள் என்று வைத்துக் கொள்ளுங்கள். சேலம் போகிறவர் எழுந்து ஓடுகிறார். பென்னாகரம் போகிறவர் உட்கார்ந்தே இருக்கிறார். டீக்கடைக்காரர் பாக்கிக் காசு வாங்க அவசரப்படுகிறார். மைக்கில் பேசுகிறவருக்கு இவர்களில் யாரையும் தெரியாது, தெரியவும் வேண்டாம். நாளை புதிதாக ஒருவர் வந்து உட்கார்ந்தாலும் அறிவிப்பை மாற்ற வேண்டியதில்லை.

சாப்ட்வேரிலும் அப்படித்தான். "ஒரு புத்தகம் திரும்பி வந்தது" என்று மூல புரோகிராம் அறிவிக்க வேண்டும். அந்த அறிவிப்பைக் கேட்கும் பிளக்-இன்கள் தங்கள் வேலையைச் செய்து கொள்ளும். இப்படி அறிவிக்கும் இடங்களுக்கு ஹூக், அதாவது கொக்கி, என்று பெயர்.

சாப்பிடலாமா, கூடாதா?

பெர்ல் மொழியில் இந்த முறை நெடுநாளாக இருக்கிறது. ராக்கோ கபுட்டோ உருவாக்கிய பிஓஇ என்ற கட்டமைப்பு 1990-களின் கடைசியிலிருந்து வருகிறது. அதன் மேல் எழுதப்பட்ட ஐஆர்சி அரட்டை காம்பொனென்ட்டும், அதிலிருந்து பிறந்த பிளக்கபிள் என்ற மாட்யூலும் பிளக்-இன் எழுத விரும்புகிறவர்களுக்கு நல்ல பாடப் புத்தகங்கள்.

அதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சிறிய ஒழுங்கு. ஒரு நிகழ்ச்சி வந்ததும் அது பிளக்-இன்களிடம் வரிசையாகப் போகிறது. ஒவ்வொரு பிளக்-இன்னும் தன் வேலையை முடித்ததும் நான்கு பதில்களில் ஒன்றைச் சொல்ல வேண்டும். "நான் எதையும் சாப்பிடவில்லை, எல்லோருக்கும் போகட்டும்" என்பது முதல் பதில். "மற்ற பிளக்-இன்கள் பார்க்கட்டும், கேட்டுக் கொண்டிருக்கும் முக்கிய புரோகிராமுக்குப் போக வேண்டாம்" என்பது இரண்டாவது. "மற்ற பிளக்-இன்கள் வேண்டாம், நேராக முக்கிய புரோகிராமுக்குப் போகட்டும்" என்பது மூன்றாவது. "யாருக்கும் போக வேண்டாம், நானே முழுவதும் சாப்பிட்டு விட்டேன்" என்பது நான்காவது. அரட்டை அறையில் குப்பைச் செய்திகளைத் தடுக்கும் பிளக்-இன் நான்காவது பதிலைச் சொல்லும். செய்திகளைக் குறித்து வைக்கும் பிளக்-இன் முதல் பதிலைச் சொல்லும்.

இது தவிர, ஒரு பிளக்-இன் தவறு செய்து விழுந்தால் அந்தப் பிழையைப் பிடித்து வைக்கும் ஏற்பாடும் உண்டு. ஒருவர் விழுந்ததற்காக மொத்த புரோகிராமும் விழுவதில்லை. ஓடிக் கொண்டிருக்கும்போதே ஒரு பிளக்-இன்னைக் கழற்றி இன்னொன்றை மாட்டவும் முடியும். யார் எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று முன்பே பேசி வைத்துக் கொள்வதுதான் இதன் பலம்.

கோஹாவில் பிளக்-இன் வசதி 2013-ல் வந்த 3.12 வெர்சனில் சேர்ந்தது. பிளக்-இன் என்பது கேபிஇசட் என்று முடியும் ஒரு பைல். உள்ளே பார்த்தால் சாதாரண ஜிப் பைல்தான். நிர்வாகத் திரையிலிருந்து அப்லோட் செய்தால் போதும். அறிக்கைகள், கருவிகள், பழைய பட்டியல்களை மார்க் வடிவத்துக்கு மாற்றுவது போன்ற வேலைகளுக்கு ஆரம்பத்தில் பயன்பட்டது. புத்தகம் கொடுத்தாலோ, திரும்ப வந்தாலோ, புத்தகப் பதிவு ஒன்று சேர்ந்தாலோ மாறினாலோ அறிவிக்கும் ஹூக்குகள் பிறகு வந்தன. பழகிப் பார்க்க "கிச்சன் சிங்க்" என்ற மாதிரி பிளக்-இன்னும் இலவசமாகக் கிடைக்கிறது.

மேலே சொன்ன கல்லூரியின் இரண்டு தேவைகளையும் இதில் செய்யலாம். "நோ டியூ" சான்றிதழ் ஒரு கருவி. துறை அலுவலகத்துக்குத் தகவல் என்பது, திரும்ப வந்த நிகழ்ச்சியைக் கேட்கும் ஒரு ஹூக். கோஹாவின் பைல்களில் ஒரு வரி கூட மாறாது.

2021 மார்ச் சொன்ன பாடம்

2021 மார்ச் 8 நினைவிருக்கிறதா? டிராய் அமைப்பின் விதிப்படி, நிறுவனங்கள் அனுப்பும் எஸ்எம்எஸ் செய்திகளை முன்பே பதிவு செய்த வாசகங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும் முறை அன்று நடைமுறைக்கு வந்தது. பதிவு இல்லாத செய்திகள் தடுக்கப்பட்டன. வங்கி ஓடிபி வராமல் நாடு முழுவதும் மக்கள் தவித்தார்கள். மறுநாளே ஒரு வாரத்துக்கு இதை நிறுத்தி வைத்தார்கள். ஆனால் விதி போகவில்லை. எஸ்எம்எஸ் அனுப்பும் எல்லா சாப்ட்வேரும் மாற வேண்டியதாயிற்று.

கோஹா எஸ்எம்எஸ் அனுப்ப எஸ்எம்எஸ் சென்ட் என்ற பெர்ல் மாட்யூலைப் பயன்படுத்துகிறது. அதில் ஒவ்வொரு எஸ்எம்எஸ் நிறுவனத்துக்கும் ஒரு தனி டிரைவர். டிரைவரும் பிளக்-இன் போன்றதுதான். விதி மாறினால் அந்த ஒரு பைலையும், செய்தியின் வாசகத்தையும் பார்த்தால் போதும். எஸ்எம்எஸ் அனுப்பும் வரிகளைப் பத்து பைல்களில் நேரடியாக எழுதி வைத்திருப்பவர் பத்து இடத்திலும் தேட வேண்டும். ஒன்றை விட்டு விட்டாலும் செய்தி போகாது.

ஆபத்துகளும் உண்டு

பிளக்-இன் என்றாலே நல்லது என்று நான் சொல்லவில்லை. மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, நம்பிக்கை. கோஹாவில் ஒரு பிளக்-இன் சர்வரின் டேட்டாபேஸ் முழுவதையும் படிக்கலாம், அழிக்கவும் செய்யலாம். அதனால்தான் பிளக்-இன் வசதி முதலில் அணைத்தே வைக்கப்பட்டிருக்கிறது. சர்வரின் அமைப்பு பைலில் நாமாக மாற்றினால்தான் வேலை செய்யும். யார் எழுதியது என்று தெரியாத பிளக்-இன்னை மாட்டுவது, தெரியாதவரிடம் வீட்டுச் சாவியைக் கொடுப்பது போன்றது.

இரண்டாவது, வேகம். நிகழ்ச்சி முறையில் ஒரு பிளக்-இன் தாமதித்தால் அதன் பின்னால் நிற்கும் எல்லோரும் காத்திருக்க வேண்டும். இன்டர்நெட் பதிலுக்காக ஐந்து விநாடி நிற்கும் பிளக்-இன், கவுண்டரில் நிற்கும் மாணவனையும் ஐந்து விநாடி நிறுத்தும். கோஹாவின் எஸ்எம்எஸ் முறை இதற்கு நல்ல உதாரணம். செய்தியை வரிசையில் போட்டு விட்டு உடனே திரும்பி விடும். அனுப்பும் வேலையைப் பிறகு வேறொரு புரோகிராம் பார்த்துக் கொள்ளும்.

மூன்றாவது, எல்லை. பயர்பாக்ஸின் பழைய ஆட்-ஆன்கள் பிரௌசரின் எந்த உள்பாகத்தையும் தொடலாம். சுதந்திரமாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளே எதை மாற்றினாலும் ஏதாவது ஓர் ஆட்-ஆன் கெட்டு விடும் என்ற நிலை வந்தது. கடைசியில் 2017 நவம்பரில் வந்த 57-வது வெர்சன் பழைய ஆட்-ஆன்கள் அனைத்தையும் கைவிட்டது. பலர் நெடுநாள் பழகிய கருவிகளை இழந்தார்கள். ஹூக் குறைவாக இருக்கலாம். ஆனால் இருப்பவை உறுதியாக இருக்க வேண்டும்.

பெர்ல் பழசாயிற்றே?

இந்தக் கேள்வி கட்டாயம் வரும். லாரி வால் பெர்ல் மொழியை 1987 டிசம்பரில் வெளியிட்டார். இன்று வேலை தேடும் மாணவரிடம் பெர்ல் படி என்று நான் முதலில் சொல்ல மாட்டேன். ஆனால் மொழி சாகவில்லை. 2024 ஜூனில் 5.40 வெர்சன் வந்தது. நீங்கள் போட்டோ எடுத்த தேதியையும் இடத்தையும் படிக்க உதவும் எக்ஸிப்டூல் பெர்லில் எழுதப்பட்டதுதான். கோஹாவும் ஓடிக் கொண்டேதான் இருக்கிறது.

மேலும், நாம் கற்க வேண்டியது மொழியை அல்ல, முறையை. நிகழ்ச்சி, ஹூக், வரிசை, பதில் என்ற நான்கும் புரிந்தால் பைத்தானிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் அதே வேலையைச் செய்யலாம். இன்ஜினியரிங் கல்லூரிகளில் கடைசி ஆண்டு புராஜெக்ட்டுக்கு எங்கிருந்தோ விலைக்கு வாங்கிய புரோகிராமைக் காட்டுவதை விட, சொந்தக் கல்லூரி நூலகத்துக்கு ஒரு கோஹா பிளக்-இன் எழுதுவது எவ்வளவோ மேல். மறுநாளே அதைப் பயன்படுத்தவும் ஆள் இருப்பார்.

என்ன கேட்க வேண்டும்?

கல்லூரியானாலும், கடையானாலும், சங்கமானாலும், சாப்ட்வேரை மாற்றித் தரச் சொல்லும் முன் நான்கு கேள்விகள் கேளுங்கள். ஏற்கனவே உள்ள செட்டிங்கிலேயே இதைச் செய்ய முடியுமா? முடியாது என்றால், பிளக்-இன்னாகச் செய்ய முடியுமா? பிளக்-இன்னின் மூலமும் குறிப்பும் எங்கள் கையில் கொடுப்பீர்களா? அடுத்த வெர்சன் வந்தால் அதில் ஓட்டிப் பார்த்துச் சொல்வீர்களா? இந்த நான்கையும் ஆர்டரிலேயே எழுதி வாங்கிக் கொள்ளுங்கள்.

தேவையான இடத்தில் ஹூக் இல்லை என்று ஒருவர் சொன்னால், அதுவும் நல்ல பதில்தான். கோஹா போன்ற திறந்த சாப்ட்வேரில் அந்த ஹூக்கை எழுதி மூலத்துக்கே அனுப்பலாம். ஏற்றுக் கொண்டால் அடுத்த வெர்சனிலிருந்து எல்லா நாட்டு நூலகங்களுக்கும் அது கிடைக்கும். ஹொரோவெனுவா கொடுத்த பரிசுக்குத் தர்மபுரியிலிருந்து ஒரு பதில் பரிசு போகட்டுமே!