ரோட்டை மறிக்காதீர், வீட்டுக்குள் போங்கள்!

கடை திறந்தாச்சு. சரக்கும் வந்தாச்சு. ஆனால் ஆள் வரவில்லை! என்ன செய்வது?

நம்ம ஊர்க் கடைக்காரருக்கு உடனே தோன்றுவது பேனர்தான். நடைபாதையில் சவுக்குக் கம்பை நட்டு, கடை பெயரை ஆளுயரத்துக்கு நிறுத்திவிடுகிறார். அதற்கு வசதி இல்லாதவர் தகரப் போர்டோடு பக்கத்து மரத்தைத் தேடுகிறார். நாலு ஆணி. வேலை முடிந்தது!

இதனால் வியாபாரம் பெருகுமா? சந்தேகம்தான். ஒரே தெருமுனையில் பத்து பேனர் நின்றால் பதினோராவதை யார் படிப்பார்கள்? பஸ் பிடிக்க ஓடுகிறவர் அதைச் சுற்றிக்கொண்டு ரோட்டில் இறங்க வேண்டியிருக்கிறது. அவர் வாயில் வருவது வாழ்த்தாக இருக்காது!

2019 செப்டம்பர் 12-ந் தேதியைச் சென்னை மறந்துவிடக் கூடாது. பள்ளிக்கரணையில் ஸ்கூட்டரில் வந்த 23 வயதுப் பெண் மீது பேனர் சரிந்தது. கீழே விழுந்தவர் மீது பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறியது. உயிர் போய்விட்டது. அது கடை விளம்பரம் அல்ல, கல்யாண வீட்டுப் பேனர். ஆனால் அடிக்கிற காற்றுக்குக் கடை என்றும் கல்யாணம் என்றும் தெரியுமா?

"அப்படியானால் விளம்பரமே வேண்டாமா?" என்று கேட்கலாம். வேண்டும். கட்டாயம் வேண்டும். பெரிய கடைக்கு டெலிவிஷன் இருக்கிறது, நடிகர், நடிகைகள் இருக்கிறார்கள். சின்னக் கடைக்கு இருப்பது வாடிக்கையாளர்தான். விளம்பரத்தை அவர் கையிலேயே கொடுத்தனுப்புங்கள்!

நம்ம மஞ்சப்பையை நினைத்துப் பாருங்கள். ஒரு காலத்தில் ஜவுளிக்கடை, நகைக்கடைப் பெயர்களை ஊர் ஊராகச் சுமந்தது அதுதான். பிளாஸ்டிக் பை வந்ததும், மஞ்சப்பை தூக்கியவரைப் பட்டிக்காட்டான் என்று சிரித்தார்கள். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் அந்தப் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்று அரசே இயக்கம் தொடங்கியது. 2022-ல் கோயம்பேடு மார்க்கெட்டில், காசு போட்டால் மஞ்சப்பை தரும் எந்திரமும் வந்தது.

சில பெரிய கடைகளில் என்ன நடக்கிறது? பைக்குக் காசும் வாங்கிக்கொண்டு, அதில் தங்கள் பெயரையும் அச்சடித்து, நம்மைச் சுமக்க வைக்கிறார்கள்! அந்தச் சாமர்த்தியம் சின்னக் கடைக்காரருக்கு வரக்கூடாதா?

எல்லோருக்கும் சும்மா கொடுத்தால் கட்டுப்படியாகாதுதான். மாதச் சாமான் வாங்குகிறவருக்கு மட்டும் ஒரு பை கொடுங்கள். அதைத் திரும்பக் கொண்டு வந்தால் ஒரு ரூபாய் தள்ளுபடி என்று சொல்லிப் பாருங்கள். பை வீட்டில் தூங்காது. ஆளும் வேறு கடைக்குப் போகமாட்டார்!

துணி கெட்டியாக இருக்கட்டும். முதல் நாளே காது அறுந்தால் கடையின் மானம் போகும். கடை பெயர், என்ன வியாபாரம், எந்தத் தெரு, பக்கத்தில் என்ன அடையாளம், போன் நம்பர். இவ்வளவு போதும். முதலாளி படம் வேண்டாம்!

இன்னொன்று தினசரி காலண்டர். ஆடிப் பெருக்கன்று சிவகாசியில் அடுத்த ஆண்டுக் காலண்டர் ஆல்பம் வெளியிடுவது வழக்கம். அப்போதே யோசித்து ஆர்டர் கொடுத்தால் தை பிறக்கும்முன் நாலு வீட்டுச் சுவரில் உங்கள் பெயர் ஏறிவிடும். ராகு காலம் பார்க்கிற வீட்டில் தினமும் காலையில் உங்கள் கடை பெயரையும் பார்ப்பார்கள். எந்தப் பேனருக்கு இந்த மரியாதை கிடைக்கும்?

ஆனால் ஒன்று. பையும் காலண்டரும் ஆளை ஒரு தடவைதான் கூட்டி வரும். மறுபடி வரவழைப்பது தராசு! எடை சரியாக இருந்தால், "அந்தக் கடைக்குப் போங்க" என்று வாடிக்கையாளரே நாலு பேரிடம் சொல்வார். அதைவிடப் பெரிய விளம்பரம் கிடையாது.

கடைக்கார அண்ணாச்சிகளே! மரத்தில் அடித்த ஆணியை இன்றைக்கே பிடுங்குங்கள். நடைபாதையை நடக்கிறவருக்கு விடுங்கள். நடந்து வருகிறவர்தானே உங்கள் கடைக்குள் நுழையப் போகிறார்!