குழந்தைக்கு முதல் நிரல்மொழி எது?

பிள்ளைக்கு ஆறு வயது நிறைந்ததும், "பைத்தான் சொல்லிக் கொடுக்கலாமா, ஜாவா சொல்லிக் கொடுக்கலாமா?" என்று கேட்கும் பெற்றோரைக் காண்கிறோம். பிற்காலத்தில் வேலை தரும் மொழியை இப்போதே தொடங்கிவிட வேண்டும் என்பது அவர்களின் ஆவல். ஆவல் நல்லதுதான், ஆனால் கேள்வி சரிதானா? எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளையிடம் யாரும் அலுவலகக் கடிதம் எழுதச் சொல்வதில்லையே!

1967இல் சீமோர் பேப்பர்ட்டும் அவருடைய சகாக்களும் சிறுவர்களுக்காக லோகோ மொழியை உருவாக்கினர். 'முன்னே 100, வலப்புறம் 90' என்று நான்கு முறை கட்டளையிட்டால், திரையில் ஆமை ஒரு சதுரம் வரையும். ஆமை வழி தவறினால், பிள்ளை தானே ஆமையாக நடந்து பார்த்துப் பிழையைக் கண்டுபிடிக்கலாம். பிழையைத் தேடுவதே அங்கு விளையாட்டு.

அந்த மரபில் வந்ததுதான் 2007இல் வெளியான ஸ்கிராட்ச். கட்டளைகளைத் தட்டச்சு செய்யாமல், கட்டைகளாகப் பொருத்தினால் போதும். எழுத்துப்பிழையால் நிரல் நிற்காது. எட்டு வயதுக்கு அது பொருந்தும். ஐந்து முதல் ஏழு வயதினருக்கு, 2014இல் வந்த ஸ்கிராட்ச் ஜூனியரே என் தேர்வு. அதன் கட்டளைகள் படங்களாக இருப்பதால், வாசிக்கத் தெரியாத பிள்ளையும் கதை அமைக்கலாம். பைத்தான் காத்திருக்கட்டும்.

இத்துடன் நம் கடமை முடிந்துவிடுமா? தமிழ்ப்பள்ளி மாணவர் கணினி முன் அமர்ந்ததும் தமிழை வாசலிலேயே விட்டுவர வேண்டுமா? முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' நிரல்மொழியைப் பாருங்கள். ஆங்கில நிரல்களில் 'இஃப்' முன்னே வரும், நிபந்தனை பின்னே வரும். எழிலில் நிபந்தனை முன்னே நிற்க, 'ஆனால்' பின்னே வருகிறது. நாம் பேசும் முறையும் அதுதானே! தமிழ்த் தட்டச்சு பழகிய மேல்வகுப்பு மாணவர்களுக்கு இதை அறிமுகப்படுத்தலாம். நிரலாக்கம் ஆங்கிலத்தின் தனியுடைமை அன்று என்பதை அவர்கள் கண்ணாலேயே காண்பர்.

எந்தக் கருவியானாலும், அருகில் அமர்ந்து, "அடுத்து என்ன நடக்கும்? ஏன் நடக்கவில்லை?" என்று தமிழில் கேட்க ஒருவர் வேண்டும். கணினித் துறையில் பயிலும் நம் மாணவர்களும் பட்டதாரிகளும் வாரம் ஒரு மணி நேரம் அருகிலுள்ள தமிழ்ப்பள்ளிக்கு ஒதுக்கினால் என்ன? நாம் கேட்கத் தவறினால், தமிழ் பேச்சுப்போட்டிக்கு மட்டுமே உரிய மொழி என்று அப்பிள்ளைகள் எண்ணிவிடுவர். முதல் நிரல்மொழி எதுவாகவும் இருக்கட்டும். அதைப் பற்றிச் சிந்திக்கும் மொழி தமிழாக இருக்கட்டும்.